சோளகத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை

கம்பஸ் விடுதி,
2024 மே 12

என் அன்ரோனெற் அக்காவுக்கு,

கீரியில் காற்று எப்படி? மடத்துக்குள் இருந்தாலும் கடல் சத்தம் கேட்கிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். இங்கே எனக்குக் கேட்பது பக்கத்துக் கட்டில்காரியின் குறட்டை மட்டும்தான். இந்த விடுதியில் கையால் கடிதம் எழுதுகிறவள் நான் ஒருத்திதான். அக்கா கன்னியாஸ்திரியாகப் போகிறா, நவதுறவுப் பயிற்சி முடியும்வரை போன் கிடையாது என்று சொன்னால் ஒருவரும் நம்புகிறார்களில்லை. "அப்ப மறியலில அடைச்சு வைச்சிருக்கினமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். யூனில் நாலாவது செமஸ்ரர் சோதனை. அது முடியும்போது மொத்த ஜீ.பி.ஏ. 3.30 இருந்தால்தான் கடல் உயிரியலில் ஸ்பெஷல் செய்ய விடுவார்கள். இல்லாவிட்டால் மூன்று வருடத்தில் பொதுப் பட்டத்தைக் கையில் தந்து அனுப்பிவிடுவார்கள். அதோடு வங்காலைக்கு வந்தால், மன்னார் கச்சேரி வாசலில் அரசாங்க வேலை கேட்டுப் பதாகை பிடிக்கிற பட்டதாரிகளில் நானும் ஒருத்தி ஆவேன். அப்பா ஊர் முழுக்க "என்ர சின்னவள் கடலைப் படிக்கிறாள்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். அந்த வாயை நான் எப்படி மூடுவது?

இப்போது நான் 3.18இல் நிற்கிறேன். இந்த முறை ஐந்து பாடத்திலும் A மைனஸ் அளவுக்கு வந்தால் தப்புவேன். மூன்று பாடத்தில் A எடுப்பேன், அதில் சந்தேகமே இல்லை. சேதன இரசாயனமும் புள்ளிவிபரவியலும்தான் காலை வாருகின்றன. தவறினால் திரும்ப எழுதலாம், ஆனால் திரும்ப எழுதும் பாடத்துக்கு என்ன செய்தாலும் C-க்கு மேல் போடமாட்டார்கள். இதையெல்லாம் பெரிய தாளில் கட்டம் போட்டு எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். எந்தப் பாடத்தில் எது வந்தால் எங்கே நிற்பேன் என்று பார்த்த உடனே தெரியும்.

சீனியர் ஒருத்தி ஒரு வழி சொன்னாள். அதை இதில் எழுதமாட்டேன், ஏனென்றால் இந்தக் கடிதத்தை முதலில் வாசிப்பது நீங்கள் அல்ல, உங்களுக்குப் பொறுப்பான சிஸ்ரர் மேரிசெல்வி. (சிஸ்ரர், தோத்திரம்.)

உங்கள் றொசானா


கீரி, மன்னார்
மே 19, ஞாயிறு

தங்கச்சி றொசா,

சிஸ்ரர் உன் தோத்திரத்தை வாசித்துச் சிரித்துவிட்டு, "உம்மட தங்கச்சிக்கு வாய் கூட" என்று சொல்லிக் கடிதத்தைத் தந்தார். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எழுத அனுமதி. ஆகவே நீ கேட்கிற வேகத்தில் பதில் வராது.

உன் கணக்கை மூன்று தரம் வாசித்தேன். எனக்கு விளங்கியது இதுதான்: இரண்டு பாடம் உனக்குக் கஷ்டம். அதற்கு எனக்குத் தெரிந்த வழி, அந்த இரண்டையும் இருந்து படிப்பது. கட்டம் போட்டு ஒட்டிய நேரத்தில் ஒரு பாடம் படித்திருக்கலாம். சின்ன வயதில் ஸ்கொலசிப் சோதனைக்கும் நீ அட்டவணைதான் போட்டாய், அப்பா விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார்.

எழுதாமல் விட்ட அந்த வழி என்ன? சிஸ்ரர் வாசிக்கக் கூடாத வழி என்றால் அது நல்ல வழியாக இருக்காது.

செப்டெம்பர் எட்டாம் தேதி, மாதா பிறந்தநாள் அன்று, துறவுக்கு வாக்குக் கொடுக்கிற எங்கள் முதல் வார்த்தைப்பாடு. அதற்கு முன் ஒவ்வொருவரையும் பற்றிச் சபையில் கூடிப் பேசித் தீர்மானிப்பார்கள். எனக்கும் சோதனைதான், ஆனால் புள்ளி போடுவது யாரென்று தெரியாது. எனக்காக மன்றாடு.

அன்ரோனெற்


கீரி
யூன் 9, ஞாயிறு

என் செல்ல றொசா,

இந்தக் கடிதம் கிடைக்கும்போது நீ எழுந்து உட்காரும் நிலையிலாவது இருக்க வேண்டும் என்று மாதாவைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். இன்று பார்வையாளர் நாள். அப்பா வந்தார். வரும்போதே முகம் சரியில்லை. "சின்னவளுக்கு டெங்கு எண்டு சந்தேகமாம், இரண்டு சோதனையும் எழுதேல்லையாம்" என்று சொல்லிவிட்டு அந்த மர வாங்கில் இருந்து அழுதார். வாழ்க்கையில் அவர் அழுது நான் பார்த்தது அம்மாவின் சவ அடக்கத்தன்று மட்டும்தான். அம்மாவையும் வெறும் காய்ச்சல் என்றுதானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உனக்கு அப்போது ஐந்து வயது, ஞாபகம் இருக்காது. அப்பாவுக்கு இருக்கிறது.

உன்னைப் பார்க்க வரப் புறப்பட்டாராம். நீதான் வார்ட்டுக்குள் ஒருவரையும் விடமாட்டார்கள் என்று போனில் தடுத்தாயாம். ஆகவே மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்திருக்கிறார், நீ சுகமாகி எழும்பினால் வங்காலையிலிருந்து மடுவுக்கு வெறுங்காலோடு நடந்து வருவதாக. எப்போது என்று கேட்டேன். "நேரம் வாய்க்கேக்க" என்றார். நீங்கள் சீனி வருத்தக்காரர், காலில் முள் குத்தினாலும் தெரியாது, வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "மாதாவுக்குச் சொன்னதை மாத்தேலாது பிள்ளை. றொசாவுக்குச் சொல்லாத, படிப்புக் குழம்பும்" என்றார். நான் சொல்லிவிட்டேன். நீ சொன்னால் கேட்பார்.

மடத்தில் எல்லோரும் இன்று உனக்காகச் செபமாலை சொன்னோம். சோதனையைப் பற்றிக் கவலைப்படாதே. உயிர் இருந்தால் போதும்.

உன் அக்கா


கம்பஸ் விடுதி
யூன் 10

அக்கா,

இதைச் சிஸ்ரர் முதலில் வாசிப்பார் என்று தெரிந்தே எழுதுகிறேன். வேறு வழியாக உங்களோடு கதைக்க எனக்கு வழியில்லை. உங்களிடம் மறைத்துக்கொண்டு இருக்கவும் முடியவில்லை.

எனக்கு ஒன்றுமில்லை. காய்ச்சல் இல்லை, மூக்கு ஒழுகுகிற தடிமன்கூட இல்லை.

அந்த வழி இதுதான். வருத்தம் என்று டொக்டரின் சான்று கொடுத்தால், விட்ட பாடத்தை அடுத்த முறை எழுதும்போது அது முதல் தரம் எழுதுவதாகவே கணக்கு. C என்ற எல்லை இல்லை. வருடக் கடைசியில் ஸ்பெஷலுக்கு ஆள் எடுக்கும்போது எழுதிய பாடங்களை மட்டும் வைத்துப் பார்ப்பார்கள். மூன்றிலும் A எடுத்தால் எனக்கு 3.31 வரும். இங்கே இதற்குப் பெயர் "மெடிக்கல் போடுறது". பாதிப் பேர் செய்கிறார்கள். சீனியர் ஒருத்தி ஒரு டொக்டரைக் காட்டிவிட்டாள். டெங்கு சந்தேகம் என்று எழுதித் தந்தார். சான்றைக் கொடுத்துவிட்டேன்.

கம்பஸிலிருந்து வீட்டுக்கு போன் எடுத்து விசாரிப்பார்கள் என்று சொன்னார்கள். அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. ஆகவே அவருக்கும் காய்ச்சல் என்றே சொல்லி வைத்தேன். அவர் கொஞ்சம் பயப்படுவார், இரண்டு கிழமையில் சுகமென்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் அக்கா. தயவுசெய்து கோபித்துக்கொள்ளாதீர்கள். மிச்ச மூன்றையும் நன்றாக எழுதுகிறேன்.

றொசானா


கீரி
யூன் 16, ஞாயிறு

றொசானா,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று கடந்து போயிருக்கின்றன. என்னுடையதை நீ இப்போது வாசித்திருப்பாய். ஆகவே அப்பா என்ன செய்யப் போகிறார் என்று உனக்குத் தெரியும்.

உனக்கு வேறு வருத்தம் கிடைக்கவில்லையா? வயிற்றுக்குத்து என்றிருக்கலாம், கால் சுளுக்கு என்றிருக்கலாம். அந்த வீட்டில் போய்க் காய்ச்சல் என்று சொல்ல உனக்கு எப்படி வாய் வந்தது? என்னால் இதைத் தாங்க முடியவில்லை. வாரம் முழுக்க உன் பெயரைச் சொல்லி மன்றாடியவர்களோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறேன். நேற்றும் ஒரு வயதான சிஸ்ரர் "தங்கச்சிக்கு இப்ப எப்பிடி?" என்று கேட்டார். "சுகம்" என்று சொன்னேன். அதுவும் உண்மைதானே.

உன் கடிதத்தைச் சிஸ்ரர் மேரிசெல்வி என் கையில் தந்தார். என் முகத்தைப் பார்த்தார், போய்விட்டார்.

பாதிப் பேர் செய்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். செய்யட்டும். அவர்களுடைய அப்பாமார் மடுவுக்கு நடக்கவில்லை. இதை வாசித்து முடித்த உடனே போனை எடுத்து அப்பாவிடம் சொல். என்னிடம் போன் இல்லை. உன்னிடம் இருக்கிறது.

அன்ரோனெற்


கம்பஸ் விடுதி
யூன் 21

அக்கா,

இரண்டு தரம் போன் எடுத்தேன். "இப்ப எப்பிடி பிள்ளை, சாப்பிடுறியா?" என்று அவர் தொடங்கினார். சுகம் என்று மட்டும் சொன்னேன். "மாதா காப்பாத்திப்போட்டா" என்றார்.

சொல்லத்தான் போகிறேன். சொல்லாமல் விடமாட்டேன். ஆனால் இப்போது சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்பா நேரே பங்குச் சுவாமியிடம் போவார், அடுத்த பஸ்ஸில் கம்பஸுக்கு வந்து "என்ர பிள்ளை பொய் சொல்லிப்போட்டாள்" என்று பதிவாளர் கந்தோரில் நிற்பார். யூலை நடுப்பகுதியில் சான்றுகளைப் பார்க்கிற கூட்டம் இருக்கிறது. அது முடிந்த கையோடு வீட்டுக்கு வந்து அவர் காலில் விழுந்து சொல்கிறேன். வங்காலைச் சனம் மடுவுக்கு நடப்பது ஓகஸ்ட் பதினைந்தில் வருகிற ஆவணித் திருவிழாவுக்குத்தானே. அப்பா எப்போதும் அந்தக் கூட்டத்தோடுதான் போவார். அதற்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது. எல்லாவற்றையும் யோசித்துத்தான் சொல்கிறேன்.

றொசானா


மன்னார், ஆஸ்பத்திரியிலிருந்து
யூலை 4

அக்கா,

பக்கத்து வீட்டுக் கிறிஸ்ரி அண்ணா மடத்துக்கு வந்து உங்களிடம் சொன்னதாகச் சொன்னார். ஆகவே செய்தி தெரிந்திருக்கும். மிச்சத்தை நான் எழுத வேண்டும்.

அப்பா ஆவணிவரை காத்திருக்கவில்லை. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பிவிட்டது, வங்காலைப் பக்கம் ஒரு வள்ளமும் கடலில் இறங்கவில்லை. சும்மா வீட்டில் இருக்கிற நேரத்தில் நேர்த்தியை முடிப்போம் என்று யூலை இரண்டில் வருகிற ஆடித் திருவிழாவுக்குப் போன கிழமையே தனியாக நடந்திருக்கிறார். சான்று கூட்டம் எப்போது, பெறுபேறு எப்போது, ஆவணி எப்போது என்று எல்லாம் தாளில் போட்டேன். காற்று எப்போது மாறும் என்று போடவில்லை. மீன்பிடிகாரன் மகள் சோளகத்தை மறந்துபோனேன்.

முருங்கன் ஊரைத் தாண்டும்போதே உள்ளங்கால் தாரில் வெந்து உரிந்துவிட்டது. அவருக்கு நோவு தெரியவில்லை. காலில் ஈரமாக இருப்பதை வியர்வை என்று நினைத்தாராம். மடுச் சந்திக்கு அங்காலே காட்டுப் பாதையில் தலை சுற்றி விழுந்திருக்கிறார். வேனில் போன ஒரு குடும்பம்தான் தூக்கிக்கொண்டு வந்தது. காலில் நஞ்சேறிவிட்டது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். கடைசியில் காய்ச்சல் அவருக்குத்தான் வந்தது.

நேற்று கண் தெளிந்திருந்தார். சொன்னேன்.

"அப்பா, எனக்கு டெங்கு வரேல்ல."

"என்ன?"

"காய்ச்சலே வரேல்ல. சோதனைக்காகப் பொய் சொன்னனான்."

"டெங்கு இல்லையா? உண்மையாவா பிள்ளை?"

"உண்மையா."

அவருடைய முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் அக்கா. "மாதாவே!" என்று கை எடுத்துக் கும்பிட்டார். நான் சுகமாக இருந்திருக்கிறேன் என்ற சந்தோசம் மட்டும்தான் அவருக்கு முதலில் விளங்கியது. மற்றது விளங்கக் கொஞ்ச நேரம் சென்றது. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். பின்னேரம் நான் நீட்டிய தேத்தண்ணியை வாங்கவில்லை. கிறிஸ்ரி அண்ணா கொடுக்க வாங்கிக் குடித்தார்.

நான் என்ன செய்ய? அவர் என்னை அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

றொசா


கீரி
யூலை 7, ஞாயிறு

றொசா,

உன்னை ஏசுவதற்குத்தான் பேனையை எடுத்தேன். முடியவில்லை. என்னைப் பற்றி முதலில் எழுதுகிறேன்.

"என்னிடம் போன் இல்லை" என்று உனக்குப் பெரிதாக எழுதினேனே. மடத்தின் கந்தோரில் போன் இருக்கிறது. வீட்டில் அவசரம் என்று சிஸ்ரரிடம் கேட்டால் தருவார். நான் கேட்கவில்லை. அந்த வாரம்தான் எங்களைப் பற்றிச் சபையில் கூடிப் பேசினார்கள். என் தங்கச்சி பொய்ச் சான்று கொடுத்தாள் என்ற கதை அந்த வாரத்தில் என் வாயால் வர வேண்டாம் என்று இருந்துவிட்டேன். நீ 3.30ஐப் பார்த்தாய். நான் செப்டெம்பர் எட்டைப் பார்த்தேன். நம் இருவருக்கும் நடுவில் அப்பா நடந்து போனார்.

கிறிஸ்ரி வந்து போன அன்று சிஸ்ரர் மேரிசெல்வியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டார். "நான் வாசிச்சனான் பிள்ளை. நீர் வந்து கேப்பீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார். பிறகு, "நானே கூப்பிட்டிருக்க வேணும்" என்றார். மூன்று பேருக்குத் தெரியும் றொசா. மூன்று பேரும் இன்னொருவர் சொல்லட்டும் என்று காத்திருந்தோம்.

என் வார்த்தைப்பாட்டைத் தள்ளிவைக்கச் சொன்னேன். "தண்டனையை நீரே தெரிஞ்செடுக்க வேண்டாம். செய்ய வேண்டியதைச் செய்யும்" என்று சொல்லி, நாளைக்கு அப்பாவைப் பார்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போகிறார். நீ அங்கே இருந்தால் இந்தக் கடிதத்தைக் கையிலேயே தருகிறேன். எனக்கும் தெரிந்திருந்தது என்று அப்பாவிடம் சொல்வதுதான் நான் செய்ய வேண்டியது.

உனக்கு எது என்று நான் எழுத மாட்டேன். நீ என்னைவிடக் கெட்டிக்காரி.

அன்ரோனெற்


வங்காலை
ஓகஸ்ட் 18

அக்கா,

மடத்துக்கு வர அனுமதி இல்லாத நாளில் எழுதுகிறேன். நேரில் என்றால் அழுதுவிடுவேன், கடிதம் நல்லது.

யூலையில் கம்பஸுக்குப் போய்ச் சான்று பொய் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சான்றுக் கூட்டத்துக்கு முதல் நாள். உதவிப் பதிவாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இதை ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்லையே, தங்கச்சி" என்றார். தெரியும் சேர் என்றேன். விசாரணை நடந்தது. எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள். இரண்டு பாடத்துக்கும் நான் வரவில்லை என்றே பதிவு. அடுத்த வருடம் எழுதலாம், C-க்கு மேல் இல்லை.

போன கிழமை பெறுபேறு வந்தது. எழுதிய மூன்றிலும் A. திட்டம் அப்படியே பலித்துவிட்டது, அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. இரண்டு C-யையும் சேர்த்துப் பார்த்தேன். திரும்பவும் 3.18. தொடங்கிய இடத்திலேயே நிற்கிறேன். ஸ்பெஷல் கிடையாது. அந்தத் தாளைக் கட்டில் தலைமாட்டிலிருந்து கழற்றினேன், பசை பட்ட இடத்தில் சுவரும் சேர்ந்து பெயர்ந்து வந்தது.

அப்பா வீட்டுக்கு வந்த பிறகும் என்னோடு தேவைக்கு மட்டும்தான் கதைத்தார். "உப்பு எடு", "கதவைச் சாத்து". ஒரு மாதம் அப்படியே போனது. பதினாலாம் தேதி விடிய எழும்பி, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு கிறிஸ்ரி அண்ணாவின் ஓட்டோவில் ஏறி இருந்தார். "எங்க அப்பா?" என்றேன். "நேர்த்தி மிச்சம் கிடக்கு" என்றார்.

"இந்தக் காலோடயா? எனக்குக் காய்ச்சலே வரேல்லையே, பிறகென்ன நேர்த்தி?"

"நான் மாதாவிட்டக் கேட்டது நீ சுகமா இருக்க வேணும் எண்டு. நீ சுகமாத்தானே இருக்கிறாய்."

நானும் ஏறினேன். அவர் விழுந்த இடத்தில், ஒரு பாலை மரத்தடியில், ஓட்டோவை நிறுத்தச் சொன்னார். ஊன்றுகோலை எடுத்தார். நான் கையைப் பிடித்தேன். "நீங்கள் இருங்கோ அப்பா, மிச்சத்தை நான் நடக்கிறன்" என்றேன். ஊன்றுகோலைத் திரும்ப வைத்துவிட்டு இருக்கையில் சாய்ந்தார். நான் செருப்பைக் கழற்றினேன்.

"செருப்பைப் போடு."

"வெறுங்காலோட எண்டுதானே நேர்த்தி வைச்சனீங்கள்?"

"அது என்ர காலுக்கு. போடு."

போட்டேன். நான் முன்னால் நடக்க, ஓட்டோ பின்னால் ஊர்ந்து வந்தது. திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு தரமும் அவர் என் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோயிலில் சனம் நெருக்கியது. கிறிஸ்ரி அண்ணாவும் நானும் இரு பக்கமும் பிடித்து மாதாவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினோம். என்ன மன்றாடினார் என்று தெரியாது. நான் மாதாவிடம் ஒன்றும் கேட்கவில்லை அக்கா, கேட்க வெட்கமாக இருந்தது.

திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் கேட்டார், "அந்த ரெண்டு பாடத்துக்கும் இனி என்ன வரும்?"

"C தான் அப்பா. எவ்வளவு நல்லா எழுதினாலும் அவ்வளவுதான்."

"அதுக்கும் படிக்கத்தானே வேணும்?"

"ஓம்."

பிறகு கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். நித்திரையாகிவிட்டார் என்று நினைத்தேன். முருங்கன் வந்தபோது அப்படியே சொன்னார்:

"றொசா, இனியும் நீ காய்ச்சல் எண்டு சொன்னா நான் நம்பத்தான் போறன். எனக்கு வேற மாதிரி ஏலாது. அதால நீதான் பாத்துச் சொல்ல வேணும்."

செப்டெம்பர் எட்டில் உங்கள் வார்த்தைப்பாட்டுக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். முன் வாங்கில் ஓரமாக ஓர் இடம் வைக்கச் சொல்லுங்கள், காலை நீட்டி வைக்க வேண்டும்.

றொசானா